பெருந்தேவி எடுத்த பதினான்கு புத்தகங்கள்

எங்கள் கல்லூரி நூலகத்தின் உறுப்பினர் படிவத்தில் ஒன்பதாவது கட்டம் 'செல் நம்பர்'. அந்தக் கட்டத்தைச் சேர்க்கச் சொன்னது தாளாளர் சக்ரவர்த்தி. சேர்த்தது நான். பின்னால் நடந்ததில் பாதிப் பழி எனக்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் யாரும் என்னைப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

இது 2008-இல் நடந்தது. காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர் போகிற சாலையில் இருந்த பெண்கள் கல்லூரி அது. ஆயிரத்து நூறு பெண்கள் படித்தார்கள். சொந்தமாகச் செல்போன் வைத்திருந்தவர்கள் நூறு பேர் தேறுவார்கள். மற்றவர்கள் ஒன்பதாவது கட்டத்தில் அப்பா நம்பரையும் அண்ணன் நம்பரையும் பக்கத்து வீட்டு மாமா நம்பரையும் எழுதினார்கள். ஒரு பெண் சன்னதித் தெருப் பூக்கடை நம்பரை எழுதியிருந்தாள். "இதுக்கு அனுப்பினா உனக்கு வந்து சேருமா?" என்று கேட்டேன். "சேரும் மேடம், சாயங்காலம் பூ வாங்கப் போவேன், அப்ப சொல்லிடுவாங்க" என்றாள். நானும் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

என் பெயர் காந்தா. அந்தக் கல்லூரியில் இருபத்தாறு வருடமாக நூலகர். வேலைக்குச் சேர்ந்தபோது புத்தகப் பட்டியலை அட்டையில் கையால் எழுதினேன். கம்ப்யூட்டர் வந்தது, எல்லாவற்றையும் உட்கார்ந்து தட்டினேன். மென்பொருளை மாற்றினார்கள், மறுபடி முதலிலிருந்து தட்டினேன். அப்புறம் பதினெட்டாயிரம் புத்தகத்துக்குப் பார்கோடு ஒட்டினேன். ஒவ்வொரு புத்தகத்தையும் நாலு தடவை தொட்டிருக்கிறேன், திறந்து படித்தது மிகக் குறைவு. அதனால் 'புதிய தொழில்நுட்பம்' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு முதலில் வலிப்பது முட்டி.

அந்த வருடம் தாளாளர் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தார். நூலக சேவையில் இணையமும் கைபேசியும் என்று ஏதோ தலைப்பு. வரும்போது ஒரு துணிப்பையும் ஃபைலும் நிறைய உற்சாகமும் கொண்டுவந்தார். அடுத்த மார்ச்சில் தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, அதற்குள் நம் நூலகம் கையடக்கமாக மாணவிகளின் உள்ளங்கைக்கே போய்விட வேண்டும் என்றார். மாணவிகளின் உள்ளங்கையில் போன் இல்லை என்று சொன்னேன். வரும் என்றார்.

வேலையைச் செய்தது ஜெபகுமார். ஓரிக்கையிலிருந்து சைக்கிளில் வருவார், இருபத்தெட்டு வயது, கம்ப்யூட்டர் டிப்ளமா, நூலகத்தில் தற்காலிக உதவியாளர். ஒரு பழைய செல்போனை ஒயர் போட்டுக் கம்ப்யூட்டரோடு சேர்த்தார். இரண்டே மாதத்தில் அவராகவே ஒரு நிரல் எழுதினார். கேட்ட புத்தகம் திரும்பி வந்தால், கேட்ட பெண்ணின் நம்பருக்குத் தானாகச் செய்தி போகும். புத்தகம் எங்கே இருக்கிறது என்று பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து இணையத்தில் பார்க்கலாம். முதல் செய்தி என் போனுக்கு வந்தபோது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லவில்லை.

மூன்றாவதாகத் தாளாளர் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. 'பெற்றோர் பக்கம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். பெண்ணின் சேர்க்கை எண்ணைத் தட்டினால், அவள் இதுவரை எடுத்த புத்தகமெல்லாம் தேதியோடு வரிசையாக வரும். அப்பா அம்மா பார்த்துக்கொள்ளலாம்.

"வேணாம் சார்" என்றேன். "முன்னாடியெல்லாம் புத்தகத்த திருப்பிக் குடுத்தா கார்டு அவ கைக்குப் போயிடும். அவ என்ன படிச்சான்னு அதுக்கப்புறம் எனக்கே தெரியாது. அதுல ஒரு மரியாத இருந்தது."

"படிக்கிறதுல என்னம்மா ரகசியம்? நல்ல புத்தகந்தானே நாம வெச்சிருக்கோம்?" என்றார். செய்தியில் புத்தகத்தின் பெயரும் வரவேண்டும் என்று அதே மூச்சில் சொன்னார். வெறுமனே 'உங்கள் புத்தகம் வந்துவிட்டது' என்றால் தபால் ஆபீஸ் மாதிரி இருக்கிறதாம்.

இன்னும் அரைமணி நேரம் எதிர்த்துப் பேசியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். ஆனால் அப்போது மணி நாலே முக்கால். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் ஆறேகாலுக்குத்தான் அடுத்தது. சரி சார் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பெருந்தேவி மூன்றாம் வருடம் கணக்குப் பாடம் படித்தாள். சின்னக் காஞ்சிபுரத்துப் பெண். ஒல்லியாக இருப்பாள், வாயைத் திறந்து பேசுவது அபூர்வம், புத்தகத்தை நீட்டும்போது மட்டும் நேராகக் கண்ணைப் பார்ப்பாள். ஜூலை மாதம் முதல் தடவையாகக் குரூப் ஃபோர் தேர்வு வழிகாட்டி ஒன்றை எடுத்துவந்தாள். அரசாங்க ஆபீசில் இளநிலை உதவியாளர் வேலைக்கான தேர்வு அது.

"இத எடுத்தது யாருக்கும் தெரியாதே மேடம்?" என்று கேட்டாள்.

"யார் என்ன படிக்கிறாங்கன்னு லைப்ரரில வெளிய சொல்ற பழக்கம் கிடையாதும்மா" என்றேன். பெற்றோர் பக்கம் அப்போது இன்னும் வரவில்லை. வந்தபிறகு அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன், சொல்லச் சோம்பல்பட்டேன்.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் தெரிந்தது. அப்பா கோதண்டபாணி காந்தி ரோடில் ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளர். பெருந்தேவியை அத்தை மகன் வாசுதேவுக்குத் தை மாதம் கல்யாணம் செய்துகொடுப்பதாகப் பேச்சு. அத்தை வீட்டில் மருமகள்கள் வேலைக்குப் போவதில்லை. தேர்வு டிசம்பரில். எழுதிவிட்டால் ரிசல்ட் வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல்லலாம், பாஸாகிவிட்டால் அரசாங்க வேலையை யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள் என்பது அவள் கணக்கு. விண்ணப்பத்தைக்கூடக் கல்லூரி முகவரிக்குத்தான் போட்டிருந்தாள். நவம்பர் முடிவதற்குள் பதினான்கு வழிகாட்டிகளை எடுத்துப் படித்துவிட்டாள். பதினைந்தாவது ஒன்று வேறு பெண்ணிடம் இருந்தது. வந்தால் வேண்டும் என்று பதிந்துவைத்திருந்தாள்.

தேர்வுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை மாலை அந்தப் புத்தகம் திரும்பி வந்தது. ஜெபகுமாரின் நிரல் தன் வேலையைச் செய்தது. ஒன்பதாவது கட்டத்தில் பெருந்தேவி எழுதியிருந்தது அப்பாவின் நம்பர்.

மறுநாள் காலை நூலகம் திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"நேத்து அத்த வந்திருந்தாங்க மேடம். முகூர்த்தம் பேசறதுக்கு. அப்பா போன்ல மெசேஜ் வந்துது. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. வாசுதேவ் மாமாகிட்ட குடுத்து இன்னான்னு பாருப்பான்னாரு."

வாசுதேவ் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செல்போன் செய்கிற கம்பெனியில் வேலை செய்பவன். செய்தியைச் சத்தமாகப் படித்திருக்கிறான். பெருந்தேவி கேட்டிருந்த குரூப் ஃபோர் பொது அறிவு வழிகாட்டி வந்துவிட்டது, மூன்று நாளுக்குள் எடுத்துக்கொள்ளவும், இப்படிக்கு நூலகர் காந்தா.

"அத்த இன்னா சொன்னாங்க?"

"வேலைக்குப் போற எண்ணம் இருந்தா முன்னாடியே சொல்லிருக்கலாமேன்னாங்க. நான் பயந்துட்டேன் மேடம். அது எனக்கு வந்தது இல்ல, காலேஜ்ல தப்பா அனுப்பிட்டாங்கன்னு சொல்லிட்டேன். மாமா சொன்னாரு, காலேஜ் கம்ப்யூட்டர்ல அப்பாங்க பாக்கற மாரி பக்கம் இருக்குதாம், போய்ப் பாத்தா தெரிஞ்சிடும்னு. அப்பா நாளைக்கு வர்றாரு. ஞாயித்துக்கிழம பரீட்ச மேடம்."

எனக்கு அவள் அப்பாவைத் தெரியாது. ஆனால் தெரிந்தது மாதிரியே இருந்தது. இருபத்தாறு வருடத்தில் இப்படி எத்தனை அப்பாக்களைப் பார்த்தாயிற்று. பாதிப் படிப்பில் பெண்ணை நிறுத்திவிட்டு, எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க அவர்கள்தான் வருவார்கள். நல்ல இடம்மா, விட முடியல என்பார்கள். நானும் புத்தகத்தை வாங்கி அடுக்கில் வைப்பேன்.

"நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஜெபகுமாரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அழிக்க முடியாது மேடம். அப்டி எழுதினாதான் நம்பிக்கையா இருக்கும்னு நான்தான் எழுதினேன். எடுத்தது எடுத்ததுதான். ஆனா ஆள மாத்தலாம். யார் கார்டுக்கு மாத்தறதுன்னு சொல்லுங்க."

"என் கார்டுக்கு மாத்துங்க."

"உங்களுக்கு வயசு வரம்பு தாண்டிடுச்சே மேடம்" என்றார். அவ்வளவு கவலையிலும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பதினான்கு வழிகாட்டிகளும் என் பெயருக்கு வந்தன. பெருந்தேவியின் பக்கத்தில் மூன்று கணக்குப் புத்தகங்கள் மிஞ்சின. பார்க்க மொட்டையாக இருந்தது. என் புத்தி அதோடு நிற்கவில்லை. ஒரு சமையல் புத்தகத்தையும் அவள் எடுத்ததாகச் சேர்க்கச் சொன்னேன். பார்க்கிற அப்பாவுக்கு மனசு குளிரட்டும் என்று நினைத்தேன். அதைச் செய்தபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கோதண்டபாணி வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்தார். வேண்டாங்க, போட்டுக்கினு வரலாம் என்றேன். புத்தகம் இருக்கிற இடமாச்சேம்மா என்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றே பழக்கம் என்றார்.

"பொண்ணு எடுத்த புக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியும்னாங்க. பாக்கலாங்களாம்மா?"

தாராளமாக என்று திரையை அவர் பக்கம் திருப்பினேன். எல்லாம் ஆங்கில எழுத்து. நீங்களே படிச்சுச் சொல்லுங்க என்றார். மூன்று கணக்குப் புத்தகத்தின் பெயரையும் படித்தேன். நான்காவதாகச் சமையல் புத்தகத்தை, கொஞ்சம் அழுத்தியே படித்தேன்.

"சமையல் புக்கா?"

"ஆமாங்க. பண்டிகைப் பலகாரம்."

"அடுப்புப் பக்கமே வர மாட்டாளே" என்றார். அப்புறம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். "வேற ஒன்னும் இல்லீங்களா? பரீட்ச கிரீட்சன்னு எதுக்காவது படிக்கற மாரி?"

"இல்லீங்க. செவ்வாக்கிழம வந்த மெசேஜு தப்பு. அதுக்கு நாங்கதான் மன்னிப்பு கேக்கணும்."

"சரிம்மா. நான்தான் என்னமோ நெனச்சுக்கினு வந்துட்டேன்."

அவர் குரல் இறங்கியிருந்தது. நிம்மதியான ஆள் அப்படிப் பேசமாட்டார். "என்ன நெனச்சீங்க?" என்று கேட்டேன்.

"எதாவது படிக்கறாளோன்னுதான். இருவத்தி நாலு வருசமா கடைல நின்னுக்கினே இருக்கறேன்மா. இவளாவது ஒரு ஆபீசுல நாற்காலி போட்டு உக்காரட்டும்னு எனக்கு ஆசதான். ஆனா அவ வாயத் தொறந்து ஒன்னுமே கேக்கலியே. அக்கா வந்து பொண்ணு கேட்டப்ப, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல. சரி, அவளுக்கும் இஷ்டம்போலன்னு விட்டுட்டேன். செவ்வாக்கிழம அந்த மெசேஜப் படிக்கக் கேட்டதும் மனசுக்குள்ள எவ்ளோ சந்தோசமாப் போச்சு தெரியுமா. இவ அது எனக்கு இல்லன்னுட்டா. பயந்துக்கினு சொல்றாளோ, நெஜமா ஒருவேள படிக்கறாளோ, கண்ணால பாத்துட்டா அக்காகிட்ட தை மாசம் வேணாம்னு சொல்லிடலாம்னுதான் லீவு போட்டுட்டு வந்தேன்."

சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

ஜெபகுமார் புத்தக அடுக்குக்குப் பக்கத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, நான்தான். ஆமா, காலேஜ்லதான் இருக்கறேன். பாத்துட்டேன். ஒன்னும் இல்ல, புள்ள சொன்னதுதான் நெஜம். நீ முகூர்த்தத்த..."

"போன வெச்சுடுங்க" என்றேன். அவர் நிமிர்ந்தார். "வெச்சுடுங்க. நான் படிச்சது பொய்."

அப்புறம் பேசறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனை இறக்கினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினான்கு புத்தகம், என் கார்டு, சமையல் புத்தகம், ஞாயிற்றுக்கிழமைத் தேர்வு. முதலில் அவர் நம்பவில்லை. பெண்ணுக்கு நல்லது செய்வதாக நினைத்து நான் இப்போதுதான் கதை கட்டுகிறேன் என்று நினைத்தார். கடையில் வாடிக்கையாளர் முகத்தைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். ஜெபகுமார் முன்னால் வந்து, "மேடம் சொல்றது நெஜங்க. நேத்து மாத்தினது நான்தான்" என்றார். தற்காலிக வேலையில் இருக்கிற மனிதர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"நீங்க ஏம்மா மாத்தணும்?"

"உங்கள நம்பலீங்க. தெரிஞ்சா பரீட்சைக்கு அனுப்ப மாட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் அங்கிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அவளும் அப்டித்தான் நெனச்சாளா?"

ஆமாங்க என்றேன். வேறு என்ன சொல்வது? அந்த மனிதரின் முகத்தை அதற்கப்புறம் என்னால் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பதினாலும் இப்பத் தெரியுமா?" என்று கேட்டார். என் பக்கத்தைத் திறந்தேன். படிங்க என்றார். தேதியோடு படிங்க என்றார்.

படித்தேன். முதல் புத்தகம் ஜூலை பதினேழு. "அது அவங்க அம்மாவுக்கு ஆப்பரேசன் பண்ண வாரம். ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து என்னமோ படிச்சுக்கினே இருந்தா. காலேஜ் பாடம்னு நெனச்சேன்" என்றார். ஆகஸ்டில் மூன்று. செப்டம்பரில் நான்கு. அவர் ஒவ்வொரு தேதிக்கும் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்று யோசித்தார். சிலது ஞாபகம் வந்தது, சிலது வரவில்லை, வராதபோது போகட்டும் மேலே படிங்க என்றார். அக்டோபர் இருபதில் இரண்டு.

"தீபாவளி சமயம். கடைல கூட்டம், நான் வீட்டுக்குப் போக பதினொரு மணி ஆயிடும். இவ விளக்க போட்டுக்கினு உக்காந்திருப்பா. எனக்கோசரம் முழிச்சுக்கினு இருக்கான்னு நெனச்சுப்பேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "மீதியையும் படிங்கம்மா."

பதினான்கையும் படித்து முடித்தேன். பதினைந்தாவது, செய்தியில் வந்த புத்தகம், என் மேசையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பரீட்ச எந்த ஊர்ல?" என்று கேட்டார். செங்கல்பட்டு என்றேன். காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று ஜெபகுமாரிடம் விசாரித்துக்கொண்டு கிளம்பினார்.

அன்று மாலை ஐந்து மணி பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. ரொம்ப நாளைக்கப்புறம் முட்டி வலி தெரியவில்லை. ஒரு பெண்ணைக் கரை சேர்த்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். ஜெபகுமாருக்கும் அதே நினைப்புத்தான், மறுநாள் டீ வாங்கிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் பெருந்தேவி வந்தாள். கையில் அந்தப் பதினைந்தாவது புத்தகம். அவள் நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது, எதிர்பார்த்தேன்.

"நல்லா எழுதினியாம்மா?"

"எழுதினேன் மேடம். அப்பா கூட்டிக்கினு போனாரு. முடியற வரைக்கும் வெளிய வேப்பமரத்தடில நின்னுக்கினு இருந்தாரு. அத்தகிட்ட தை மாசம் வேணாம்னு சொல்லிட்டாரு."

"ரொம்ப சந்தோசம்."

புத்தகத்தை மேசையில் வைத்தாள். அதன்மேல் தன் நூலக அட்டையையும் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"வேணாம் மேடம். அடுத்த பரீட்சைக்கு அப்பாவே புக்கு வாங்கித் தர்றேன்னுட்டாரு. வியாழக்கிழம வீட்டுக்கு வந்து பதினாலு புக்கு எடுத்த நாளையும் வரிசையா சொன்னாரு. ஆஸ்பத்திரில உக்காந்து படிச்சது, தீபாவளிக்கு விளக்கு போட்டுக்கினு படிச்சது, எல்லாம். சொல்லிட்டு அழுதாரு. எங்கப்பா அழுது நான் பாத்ததே இல்ல மேடம். இத்தன நாளா மறைச்சேன்னு அப்பாகிட்ட நானே சொல்லிருக்கணும். எப்டி சொல்றதுன்னு அஞ்சு மாசமா யோசிச்சு வெச்சிருந்தேன்."

"நான் சொல்லலன்னா அப்பவே முகூர்த்தம் குறிச்சிருப்பாரும்மா. போன் பண்ணிட்டாரு. எனக்கு வேற வழி தெரில."

"தெரியும் மேடம். அப்பா சொன்னாரு. நல்லதுக்குத்தான் செஞ்சீங்க." அவள் வழக்கம்போல நேராக என் கண்ணைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் களைத்துப்போயிருந்தாள், அவ்வளவுதான். "மறைக்கும்போதும் நீங்களே மறைச்சீங்க, சொல்லும்போதும் நீங்களே சொல்லிட்டீங்க. அன்னிக்கு நான் ஆடிட்டோரியத்து பின்னாடிதான் மேடம் உக்காந்திருந்தேன். அப்பா வர்றாருன்னு பயந்து கிளாசுக்குப் போகாம அங்கியே இருந்தேன். ஒரு ஆள அனுப்பி கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்."

ஆடிட்டோரியம் நூலகத்திலிருந்து நூறடி. ஜெபகுமார் என் கண்ணெதிரேதான் சும்மா நின்றுகொண்டிருந்தார். அன்று அந்த அரைமணி நேரத்தில் அவளைக் கூப்பிட வேண்டும் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

"மன்னிச்சுடும்மா" என்றேன்.

பரவால்ல மேடம் என்றாள். வராந்தாவில் அவள் தோழிகள் காத்திருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே நடந்துபோனாள். நான் அவள் அட்டையை எடுத்துக் கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டினேன். மூன்று கணக்குப் புத்தகமும் நான் சேர்த்த சமையல் புத்தகமும் அப்படியே இருந்தன.